‘பிளாஸ்மா தேவை’ என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பிளாஸ்மா அவசரம், உடனே வரவும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று நாலு பக்கமிருந்தும் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு வேலூருக்கு ஓடி வருகிறார்கள். பெரிய மனசு அது. ஆனால் ரத்த வங்கியில் ‘பிளாஸ்மா இருப்பில் இருக்கிறது, நீங்கள் வழக்கம்போல ரத்தம் கொடுங்கள்’ என்று சொன்னதும், அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்துச் சிலர் திரும்பிவிடுகிறார்கள்.

பிளாஸ்மாவுக்கென்று தனியாக வந்து படுக்க வேண்டிய தேவை நம் ஊரில் அபூர்வம். பிளாஸ்மா என்பது ரத்தத்தின் நீர்ப்பகுதி; நீங்கள் கொடுக்கும் ரத்தத்திலேயே அது இருக்கிறது. ரத்தப் பையை சென்ட்ரிஃபியூஜ் என்ற இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணு அடியில் படியும். வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா மேலே நிற்கும். அதை அழுத்தி, கூடவே இணைந்திருக்கும் இன்னொரு பைக்கு மாற்றுவார்கள். 450 மி.லி. ரத்தத்தில் 200 முதல் 250 மி.லி. வரை தேறும். ரத்தம் எடுத்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அதை உறைய வைத்துவிட வேண்டும். தாமதித்தால், ரத்தக் கசிவை நிறுத்த உதவும் ‘எட்டாவது காரணி’ என்ற புரதத்தின் வீரியம் குறைந்துவிடும். வாணியம்பாடிப் பக்கம் முகாம் நடத்தினால், மாலை வரை காத்திருக்காமல் மதியமே ஒரு நடை பைகளை அனுப்பிவிடச் சொல்வது இதனால்தான். உறைய வைத்த பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கும். ஆகவே உங்கள் நோயாளிக்கு இன்று ஏறுவது எப்போதோ யாரோ கொடுத்தது. நீங்கள் இன்று கொடுப்பது பிறகு வேறொருவருக்குப் போகும்.

இயந்திரம் வைத்துப் பிளாஸ்மாவை மட்டும் பிரித்தெடுக்கும் முறையும் உண்டு. ரத்த வங்கி கூப்பிட்டால் மட்டும் வந்தால் போதும். எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ரத்தப் புரதமும் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கு 500 மி.லி.க்கு மேல் எடுக்க மாட்டார்கள். சிவப்பணு உடம்புக்கே திரும்பிவிடுவதால், இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். நடுவில் உதடும் விரல் நுனியும் மதமதவென்று ஆனால் பயப்பட வேண்டாம். ரத்தம் கட்டாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைச் சற்றுக் குறைப்பதால் வருவது. வாயைத் திறந்து சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் தவறு.

குரூப் விஷயத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சிவப்பணுவுக்கு ஓ நெகட்டிவ் யாருக்கும் பொருந்தும். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ். ஓ பிளாஸ்மா ஓ குரூப்புக்கு மட்டும்தான். ஏபி பிளாஸ்மா எல்லோருக்கும் ஆகும். ‘நம் ரத்தம் யாருக்குப் பயன்படப்போகிறது’ என்று ஒதுங்கியிருக்கும் ஏபி குரூப்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டும் வராதீர்கள். ஆம்பூர் பக்கத்து முகாம்களில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொழுப்பு ஏறிய பிளாஸ்மா தண்ணீர் கலந்த பால்போல வெளுத்துவிடும். அந்தப் பையை ஒதுக்கத்தான் வேண்டும். இரண்டு இட்லியும் நிறையத் தண்ணீரும் போதும். பிரியாணியை, ரத்தம் கொடுத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நோயாளியின் உறவினர்களுக்கும் ஒன்று. கேட்டவுடனே பிளாஸ்மா கைக்கு வராது. ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது பை கண்ணாடித் தகடுபோல இருக்கும், கை தவறினால் விரிசல் விடும். மேலே இன்னொரு உறை போட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்க 20 நிமிடம், அரை மணி ஆகும். ஓரத்தில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்தப் பை வீண். சூட்டைக் கூட்டினால் புரதம் கெட்டுவிடும். உருக்கியதை மறுபடி உறைய வைக்கவும் முடியாது. ஆகவே டாக்டர் ஏற்றச் சொன்ன பிறகு வாங்குங்கள். ‘இருக்கட்டுமே’ என்று வாங்கி வார்டு ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

உடம்பு தேறுவதற்காகப் பிளாஸ்மா ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதும் நடக்கிறது. அது சத்து மருந்தல்ல. டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கையை அது கூட்டாது. கழனியில் கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போனால் முதல் மருந்து விஷமுறிவு ஊசிதான். பிளாஸ்மா அதற்கு மாற்றாகாது. (அந்த ஊசி மருந்தே குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து தயாராவது.) உண்மையிலேயே நிறையத் தேவைப்படுவது, நோயாளியின் பிளாஸ்மாவை முழுக்க மாற்றும் சிகிச்சைக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பிளாஸ்மாவைக் கொண்டே மாற்றினால் ஒரே நாளில் 10, 12 பை போய்விடும். சில நோய்களில் நாள் தவறாமல் செய்ய வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு இணையதளங்களைப் பார்த்துவிட்டு ‘எவ்வளவு தருவார்கள்’ என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிளாஸ்மாவுக்குப் பணம் உண்டு. இங்கே 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விற்பதற்குத் தடை. வெளிமாநிலத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் ‘பணம் கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்கிறேன்’ என்று யார் வந்தாலும், அது சட்டப்படி குற்றம். பணத்துக்காக வருபவர் காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் மறைப்பார். அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது என்ன தேவை (ரத்தமா, பிளேட்லெட்டா, பிளாஸ்மாவா), எந்த குரூப், எந்த ரத்த வங்கி, எந்தத் தேதி வரை என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். நோயாளி வீட்டாரின் கைபேசி எண்ணுக்குப் பதிலாக ரத்த வங்கியின் எண்ணைப் போடுங்கள். தேதி இல்லாத அறிவிப்பு மாதக்கணக்கில் சுற்றுகிறது. நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்த வீட்டுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
ரத்த வங்கிப் பணியாளர்கள் சிலர்,
வேலூர்.