வரைபடங்களை வெளியிடுங்கள்: பிரெஞ்சு கார் நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 1980-களிலிருந்து 2000-களின் முற்பகுதி வரை உங்கள் ஆலைகளிலிருந்து வெளிவந்த, சிறிய உடலும் பெரிய துள்ளலும் கொண்ட ஹாட் ஹேட்ச் கார்களை இன்றும் ஓட்டிக்கொண்டும் பழுதுபார்த்துக்கொண்டும் இருப்பவர்களில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். இனித் தயாரிக்கப்போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்ட உதிரிபாகங்களின் பொறியியல் வரைபடங்களையும், அளவுகளையும், அவை எந்தப் பொருளால் எவ்வாறு செய்யப்பட்டன என்ற விவரங்களையும் பொதுவில் வெளியிடுங்கள். அந்தப் பாகங்களை நீங்களே தொடர்ந்து தயாரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லாப நட்டம் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு அது. செய்து தர முன்வரும் பட்டறைகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் தேவையான தகவல் உங்கள் ஆவண அறைகளில் முடங்கிக் கிடப்பதுதான் எங்கள் குறை.

எந்தக் கார்களைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் இன்றைய அலுவலர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே வந்தவையும் இவற்றில் உண்டு என்பதால் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ, 1.6 லிட்டர் என்ஜினில் 105 குதிரைத்திறனோடு தொடங்கி, பின்னர் 1.9 லிட்டரில் 130 குதிரைத்திறன் வரை போனது; எடையோ சுமார் 900 கிலோதான். 1985-இன் ரெனோ 5 ஜிடி டர்போவில், அப்போதே பழையதாகிவிட்ட 1397 சிசி என்ஜினில் கார்புரேட்டரை விடாமல் டர்போவையும் சேர்த்து மாட்டினார்கள். சூடான நிலையில் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய முயன்றவர்கள் அந்தத் துணிச்சலின் விலையை அறிவார்கள். 1993-இல் ரெனோ கிளியோ வில்லியம்ஸ் வந்தது. அதன் பிறகு பெஜோ 106 ஜிடிஐ, சித்ரோன் சாக்ஸோ விடிஎஸ், ஆறு கியர் கொண்ட பெஜோ 306 ஜிடிஐ-6, 2000-இலிருந்து கிளியோ 172, 182 என்று வரிசை நீண்டது.

இவை அனைத்தும் சாதாரணக் குடும்பக் கார்களின் உடலிலும் உறுப்புகளிலும் எழுப்பப்பட்டவை என்பதால்தான் இத்தனை காலம் பிழைத்தன. விசையேறிய 205-இன் கதவுக் கைப்பிடியும், பல புஷ்களும், பேரிங்குகளும், ஸ்விட்சுகளும் சாதாரண 205-க்கும் உரியவையே. லட்சக்கணக்கான குடும்பக் கார்கள் சாலையில் இருந்தவரை அந்தப் பாகங்களும் அலமாரிகளில் இருந்தன. அந்தக் குடும்பக் கார்கள் பழைய இரும்புக்குப் போன பிறகு தேவை சரிந்தது. தேவை சரிந்ததும் உங்கள் பட்டியல்களில் ஒவ்வோர் எண்ணுக்கு எதிரேயும் 'இனிக் கிடைக்காது' என்ற குறிப்பு வந்து விழுந்தது. வேக வகைகளுக்கு மட்டுமே உரிய பாகங்களோ அவற்றுக்கும் முன்பே மறைந்துவிட்டன. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு எண்ணமில்லை. பழைய கார் ஒன்றை வைத்துக்கொள்பவர் இதை எதிர்பார்த்துத்தான் வைத்துக்கொள்கிறார்.

ஆனால் ஒரு பாகம் கிடைக்காமல் போவதும், அந்தப் பாகத்தைப் பற்றிய அறிவு கிடைக்காமல் போவதும் ஒன்றல்ல. இதை விளக்கப் பின் அச்சை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

பெஜோவின் 205, 309, 306, 106, சித்ரோனின் சாக்ஸோ ஆகிய எல்லாவற்றிலும் பின்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். குறுக்கே ஒரு தடித்த குழாய். அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் கை. அந்தக் கையில் இறுக்கிப் பொருத்திய தண்டு, குழாய்க்குள் இருக்கும் நீடில் பேரிங்குகளில் திரும்புவதால் கை ஏறி இறங்குகிறது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குறுக்கே கிடக்கும் டார்ஷன் பார்கள் முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் அருமையான யோசனை இது. பின்புறம் இவ்வளவு பெரிய சரக்கு இடம் இதனால்தான் கிடைத்தது. குழாய்க்கும் கைக்கும் நடுவே உள்ள சீல்தான் பலவீனமான இடம். ரப்பர் வெடித்ததும் தண்ணீர் உள்ளே போகிறது, கிரீஸ் கழுவப்பட்டுவிடுகிறது, ஊசிபோன்ற அந்த உருளைகள் துருப்பிடித்துத் தண்டையே கடித்துத் தின்னத் தொடங்குகின்றன. காரின் பின்னால் நின்று பார்த்தால் சக்கரங்களின் மேல்விளிம்புகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பின் மூலையைக் கையால் அழுத்தினால் முனகும். டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகியிருக்கும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் தேய்மானம் தண்டோடு நிற்காமல் குழாயின் உட்புறத்தையும் தின்றுவிடும். அதன் பிறகு அந்த அச்சு எதற்கும் உதவாது.

உரிய காலத்தில் பிரித்தால் இது காப்பாற்றக்கூடிய பழுது. பழைய தண்டை அழுத்தி வெளியேற்றிப் புதியதை ஏற்றி, பேரிங்கும் சீலும் மாற்ற வேண்டும். பிறகு டேம்பர் (அதிர்வு தாங்கி) இருந்த இடத்தில் குறித்த நீளமுள்ள ஒரு கம்பியைப் பொருத்திக் கையை அந்த உயரத்தில் நிறுத்திக்கொண்டு டார்ஷன் பாரை உள்ளே செலுத்துவார்கள். பாரின் இரு முனைகளிலும் பற்களின் எண்ணிக்கை வெவ்வேறாக இருப்பதால், ஒரு முனையில் ஒரு பல் முன்னும் மறுமுனையில் ஒரு பல் பின்னுமாகத் திருப்பித் திருப்பி, மில்லிமீட்டர் கணக்கில் காரின் உயரத்தைச் சரிசெய்ய முடிகிறது. இதை வடிவமைத்த பொறியாளருக்கு ஒரு வணக்கம் சொல்லத் தோன்றும், கடப்பாரையால் அடித்தும் அசையாத துருப்பிடித்த பாரைச் சந்திக்கும்வரை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தத் தண்டின் சரியான விட்டம் என்ன, அதன் மேற்பரப்பு எந்த ஆழம்வரை கடினப்படுத்தப்பட்டது, எந்த எஃகு, கைக்குள் அது எவ்வளவு இறுக்கத்தில் உட்கார வேண்டும்? இந்த நான்குக்கும் விடை உங்களிடம் இருக்கிறது. வெளியில் இருப்பவர்களோ கழற்றிய தண்டை வெர்னியரில் அளந்து லேத்தில் கடைகிறார்கள். தேய்ந்ததை அளந்து செய்த புதிய தண்டு அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே படியெடுக்கிறது. கடினப்படுத்தாத எஃகில் செய்திருந்தால் புதிய பேரிங்கும் சில பருவங்களிலேயே வழுவழுப்பை இழந்துவிடுகிறது. சந்தையில் நல்ல தண்டும் கிடைக்கிறது, மட்டமானதும் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரேபோல் பளபளக்கின்றன. எது சரி என்று ஒப்பிட அளவுகோல் இல்லாததுதான் இதில் உள்ள ஆபத்து.

தகவல் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உங்கள் கார்களிலேயே சான்று உண்டு. 205 ஜிடிஐ-யின் என்ஜின் அலுமினியத்தால் ஆனது. அதில் வெட் லைனர்கள், அதாவது கூலன்ட் சூழ்ந்த சிலிண்டர் குழாய்கள், தனியாக உட்கார்ந்திருக்கின்றன. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய பிறகு லைனர்களைப் பிடித்து நிறுத்தாமல் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டை) திருப்பினால் லைனர் மேலெழும்பி அடிச்சீல் கெட்டுவிடும். பிறகு கூலன்ட் எண்ணெயில் கலக்கும். பழுதுபார்ப்புக் கையேடுகள் இதைத் தெளிவாகச் சொன்னதால், வீட்டு வாசலில் வைத்து ஹெட் கேஸ்கெட் மாற்றுபவர்கள்கூட நாலு போல்ட்டும் வாஷரும் கொண்டு லைனர்களை இறுக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். கிளியோ 172, 182 ஆகியவற்றின் எஃப்4ஆர் என்ஜினில் கிராங்க் புல்லியைத் தண்டோடு பூட்டும் 'கீ' என்ற ஆப்புத் துண்டு கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. பழைய வழக்கப்படி பெயின்ட் குறியிட்டு டைமிங் பெல்ட் மாற்றுபவர், போல்ட்டைத் தளர்த்திய கணத்திலேயே டைமிங்கை இழந்துவிடுகிறார். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளின் மறுமுனையில் உள்ள மூடிகளை உடைத்தெடுத்து, அங்குள்ள வெட்டுகளில் பூட்டுக் கம்பியைப் பொருத்தி, கிராங்கையும் ஒரு பூட்டுமுளை போட்டுப் பூட்டி, புல்லி உட்காரும் முகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகே வேலையைத் தொடர வேண்டும். இந்த விவரம் பரவியதால் தப்பித்த என்ஜின்கள் பல; தெரியாத பட்டறையில் வால்வு வளைந்த என்ஜின்களும் பல. கையேடு எப்படிப் பூட்டுவது என்று சொல்கிறது. எப்படிச் செய்வது என்பதை வரைபடம் மட்டுமே சொல்லும். முதலாவதைக் கொடுத்த நீங்கள் இரண்டாவதையும் கொடுக்கலாம்.

ரப்பர் பாகங்களைப் பற்றி ஒரு சொல். என்ஜின் மவுண்டும் சஸ்பென்ஷன் புஷ்களும் பார்வைக்குச் சாதாரணமானவை. ஆனால் அவற்றின் கடினத்தன்மை சற்று மாறினாலும் காரின் குணமே மாறிவிடும். வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 205-இன் பின்புறம் வெளிப்பக்கமாக வழுக்கும் என்பது உலகறிந்தது. அந்த நடத்தையை முன்கூட்டியே உணர்ந்து ஓட்ட முடிவதற்கும் இந்த ரப்பர் துண்டுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அசல் கடினத்தன்மை தெரியாததால், இன்று விற்கும் மாற்றுப் பாகங்களில் சில பஞ்சாகவும் சில கல்லாகவும் இருக்கின்றன.

மின்னணுப் பாகங்களில் நிலைமை இன்னும் கடினம். 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கார்களில் இம்மொபிலைசர் உண்டு. சாவியும் ஈசியூவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியும்) ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் உயிர்பெறும். என்ஜினும் கியர்பாக்ஸும் உடலும் நல்ல நிலையில் உள்ள ஒரு கார், சாவிக்குள் இருக்கும் சில்லு செத்துப்போனதால் மட்டுமே அசையாமல் நிற்க முடியும். புதிய சாவியைப் பழக்குவதற்கான நடைமுறையும் குறியீடும் உங்கள் கருவிகளிலும் கணினிகளிலும் மட்டுமே இருந்தால், அவற்றை நீங்கள் அணைக்கும் நாள்தான் அந்தக் காரின் கடைசி நாள். உரிமையாளர் தன் உரிமைச் சான்றைக் காட்டித் தன் காரின் குறியீட்டைப் பெறுவதற்கு நிரந்தரமான ஒரு வழியை இப்போதே ஏற்படுத்துங்கள்.

சட்டம் தடுக்கிறது என்று சொல்லவும் இனி இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுசெய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 25 ஆண்டுப் பாதுகாப்புதான். 205 வந்தது 1983-இல். கிளியோ 172, 182-க்கு அடிப்படையான இரண்டாம் தலைமுறைக் கிளியோவே 1998-இல் வந்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய வடிவமைப்புச் சட்டச் சீர்திருத்தமும் பழுதுபார்ப்புக்கான பாகங்களுக்கு விலக்கு அளிக்கிறது. எனவே பாகம் செய்வதற்குச் சட்டத் தடை பெரும்பாலும் இல்லை. மறுபுறம், பழுதுபார்ப்புத் தகவலைச் சுயேச்சைப் பட்டறைகளுக்குத் தரவேண்டும் என்ற ஐரோப்பிய விதிகள் யூரோ 5 என்ற புகை வெளியேற்றத் தரத்திலிருந்து வந்த கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் கார்கள் அதற்கு முந்தியவை. ஆகவே உங்களைக் கட்டாயப்படுத்த எங்களிடம் எதுவும் இல்லை. கேட்க மட்டுமே முடியும், கேட்கிறோம்.

பொறுப்புப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. உங்கள் வரைபடத்தைப் பார்த்து ஒருவர் மோசமான பாகம் செய்து, அது உடைந்து விபத்து நேர்ந்தால் உங்கள் பெயர் இழுக்கப்படலாம். அந்த அச்சத்துக்காக பிரேக், ஸ்டியரிங் பாகங்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். வரைபடத்தின் மேல் எத்தனை எச்சரிக்கை வேண்டுமானாலும் அச்சிடுங்கள். ஆனால் பாகம் செய்பவர்கள் இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், தேய்ந்த மாதிரியை வைத்துக்கொண்டு, ஊகத்தின் பேரில். ஊகத்தை விட அளவு பாதுகாப்பானது என்பதைப் பொறியாளர்களாகிய உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிற நாடுகளில் நிசான் 2017 இறுதியில் ஆர்32 ஜிடி-ஆர் காரின் பாகங்களையும், டொயோட்டா 2020-இல் பழைய சூப்ராக்களின் பாகங்களையும் மீண்டும் தயாரிக்கத் தொடங்கின. போர்ஷே 2018-இல் 959 காரின் கிளட்ச் ரிலீஸ் லீவர் போன்ற அரிய பாகங்களை முப்பரிமாண அச்சில் செய்யத் தொடங்கியது. உங்களிடமும் பாரம்பரியப் பிரிவுகள் உண்டு. 205-க்கான பாகங்கள் சில மறுபடி தயாராவதையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் 106-க்கும் சாக்ஸோவுக்கும் 306-க்கும் எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஏலத்தில் விலை ஏறிய மாடலுக்குப் பாகம் கிடைக்கிறது. இன்னும் மலிவாக இருப்பதாலேயே இளைஞர்கள் வாங்கி ஓட்டும் மாடல் கைவிடப்படுகிறது. இதில் எனக்குச் சற்றுக் கசப்பு உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை. ஏனென்றால் 2024-இல் மின்சாரக் காராகத் திரும்பி வந்த ரெனோ 5-ம், 2025-இல் அறிவிக்கப்பட்ட இ-208 ஜிடிஐ-யும் பழைய கார்களின் பெயரையும் முகச்சாயலையும் வைத்துத்தான் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அந்தப் பழைய கார்களைச் சாலையில் ஓடவைத்து அந்தப் பெயரை உயிரோடு வைத்திருப்பவர்கள் யார் என்பதை விளம்பரப் பிரிவு மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடச் சொல்லவில்லை. பின் அச்சின் தண்டு, குழாய், சீல் ஆகியவற்றின் வரைபடங்களிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்ன ஐந்து மாடல்களின் உரிமையாளர்களுக்கும் அவை பயன்படும். அடுத்து ரப்பர் மவுண்டுகளின் கடினத்தன்மை அட்டவணை. இதற்குச் செலவு என்று பெரிதாக எதுவுமில்லை. தேடி எடுத்து, நகலெடுத்து, இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ தரவேண்டியதுதான். இனிமேல் ஒரு பாகத்தை நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன் அறிவித்து, கடைசி ஆர்டர்களை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே பாகங்களை வார்க்கும் அச்சுகளை அழியுங்கள். அழிப்பதற்கு முன் அந்த அச்சுகளை விலைக்குக் கேட்டு யாராவது வந்தால், கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிரெஞ்சு ஹாட் ஹேட்ச் ஒன்றின் உரிமையாளர்