தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?

அன்புள்ள வாலு,

திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, போனை எடுக்கவில்லை, எல்லாம் உண்மை. இவருக்கு வேலை போய்விட்டது. அதைச் சொல்லாமல் உனக்கு வேறெதையும் எழுத வரவில்லை, சொல்லவும் மனசு வரவில்லை. அவர் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சம் இருக்கிறது, சமாளித்துக்கொள்வோம். அம்மாவுக்கு மூட்டுவலி பழையபடியே. நெட்டையன் கல்யாணத்துக்குப் போனாயா? போட்டோவில் தேடிப் பார்த்தேன், உன்னைக் காணோம். மற்றபடி நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகன் ஒரு மார்க் குறைந்தால் சுருண்டு படுத்துக்கொள்கிறான், ஆட்டத்தில் தோற்றால் யாரோடும் பேசுவதில்லை, இவன் மனசு எப்போதுதான் கெட்டிப்படும் என்று எழுதியிருந்தாய். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் சீட்டுக்கட்டையே ஜன்னல் வழியாக வீசினவள் பெற்ற பிள்ளை வேறெப்படி இருப்பான்?

சிரித்தாயா? சரி. எங்கள் சின்னவனும் அதே ஜாதகம்தான். தோற்றால் பலகையைக் கவிழ்ப்பான். ஜெயித்தால் அக்காளைச் சீண்டி அவளை அழவிடுவான். சண்டை வேண்டாமே என்று நாங்கள் விட்டுக்கொடுத்தால் அதையும் மோப்பம் பிடித்து, "நீங்க சும்மா தோத்தீங்க" என்று அதற்கொரு ரகளை. இந்த நிலையில் என் நாத்தனார் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தாள். ஃபர்பிடன் ஐலண்ட் என்று பெயர், மாட் லீகாக் என்பவர் உருவாக்கி 2010இல் வந்தது. இதில் ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்க வழியே கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. நம்மைத் தோற்கடிக்கப் பார்ப்பது அந்தத் தீவுதான்.

24 அட்டைகளைப் பரப்பினால் அதுதான் தீவு. ஒவ்வொருவர் முறை முடிந்ததும் சில இடங்களில் தண்ணீர் ஏறும், அந்த அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். நேரத்துக்குப் போய் அதைச் சரிசெய்யாமல் விட்டு, அதே இடம் மறுபடி வந்துவிட்டால் அட்டையையே எடுத்துவிட வேண்டியதுதான். நான்கு புதையல்களையும் சேர்த்துக்கொண்டு எல்லோரும் ஹெலிகாப்டரில் ஏறினால் ஜெயம். ஒரு ஆள் விடுபட்டாலும் மொத்தப் பேருக்கும் தோல்வி. பக்கத்திலேயே தண்ணீர் மட்டத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று, அதில் ஒரு சின்ன கிளிப். அது மேலே ஏற ஏற, ஒரு முறைக்கு 2 இடம் மூழ்கியது 5 வரை போகும். உச்சியில் மண்டை ஓடு. கிளிப் அங்கே போனால் கதை முடிந்தது.

முதல் ஆட்டத்தில் படுதோல்வி. சின்னவன் வழக்கம்போலக் கையை ஓங்கிவிட்டான். ஓங்கின கையோடு, "யாரு ஜெயிச்சா?" என்றான். யாரும் இல்லையே! கோபம் இருக்கிறது, அதை இறக்கிவைக்க எதிரே ஆள் இல்லை. அந்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குள் அம்மா, "அந்த ஓரத்துக் கோயிலை விட்டிருக்கக் கூடாது, அங்கதான் போச்சு" என்று நிஜமான வருத்தத்தோடு முணுமுணுத்தாள். அவன் கை தானாக இறங்கிவிட்டது. "ஆமா பாட்டி, நான் அப்பவே நெனச்சேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. பெரியவர்கள் நிஜமாகத் தோற்பதைப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்? நம் தோல்வியை மூடிவைக்கிறோம், அல்லது அவர்களுக்காக நடிக்கிறோம். இங்கே நடிப்புக்கு வேலையில்லை. பாட்டிக்கும் வலிக்கிறது, வலித்த பிறகு பாட்டி என்ன செய்கிறாள் என்பதையும் அவன் பார்க்கிறான்.

உடனே எல்லாம் சுபம் என்று நினைக்காதே. இவர் இருக்கிறாரே, தளபதி! "நீ அங்க போ, நீ இதை எடு" என்று நாலு பேர் ஆட்டத்தையும் ஒருவரே ஆடினார். இந்த மாதிரி விளையாட்டுகளுக்கே உள்ள வியாதி இது. பெரியவள்தான் சட்டம் போட்டாள்: யார் முறையோ அவர்கள் முடிவு, கேட்டால் மட்டும் யோசனை. பாதி ஆட்டம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாவம். ஹனாபி என்று இன்னொன்று இருக்கிறது, 2013இல் ஜெர்மனியின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. அதில் நம் கையில் உள்ள சீட்டு மற்ற எல்லோருக்கும் தெரியும், நமக்கு மட்டும் தெரியாது. தளபதிகளை அடக்க அது நல்ல மருந்து.

வேலை போன வீட்டில் ராத்திரித் தூக்கம் ஏது, கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். 1994இல் 4, 5 வயதுக் குழந்தைகள் 70 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. கூட்டாக ஆடும் விளையாட்டு என்றால் அடிதடி குறைந்து ஒத்துழைப்பு கூடியது, போட்டி விளையாட்டு என்றால் நேர்மாறு. ஆனால் இதை வைத்து மனசு கெட்டிப்பட்டுவிடும் என்று சொல்ல நான் தயாரில்லை, அடிதடி குறைவது வேறு, அது வேறு. என்னை உலுக்கியது எட்வர்ட் ட்ரானிக் 1970களில் செய்த சோதனை. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சில நிமிடம் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துக் காட்டும், கத்தும், கை நீட்டும். எதற்கும் பலனில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வாலு, வேலை போன அந்த வாரம் இவர் முகம் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகளிடம் எதையும் சொல்லவில்லை. பெரியவள் ஏதேதோ ஜோக் அடித்துப் பார்த்தாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறந்து அந்த அளவுகோலை மட்டும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அப்பா, தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கிளிப்பை நகர்த்தி, மண்டை ஓட்டுக்கு இரண்டு படி கீழே நிறுத்தினார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். சின்னவன் ஆட்டத்தில் தனக்கு வரும் வேடத்தை நினைத்து ரொம்ப சீரியஸாக, "நான் என்ஜினீயர், ஒரே தடவையில ரெண்டு இடத்தைக் காப்பாத்துவேன். ஆனா டியூஷன் மூழ்கட்டும், அதை விட்டுடலாம்" என்றான். எத்தனை நாளைக்குப் பிறகு இவர் சிரித்தார் தெரியுமா! நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போதும் அந்த அளவுகோல் மேஜைமேல்தான் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பெரியவள் சில நாள் பேசாமல் கிளிப்பை மேலே தள்ளிவிட்டுப் போவாள். அன்றைக்கு நான் எதுவும் நோண்டுவதில்லை. சின்னவன் நேற்றுகூட ஓட்டப்பந்தயத்தில் தோற்று ஷூவை வீசினான், அதனால் ஞானி ஆகிவிட்டான் என்று நினைக்காதே. போட்டியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, அவனுக்கு ஓடப் பிடிக்கிறது, ஓடட்டும்.

உன் வீட்டில் ஆரம்பிப்பதானால் இருப்பதிலேயே எளிதான நிலையில் தொடங்கு, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பெட்டியில் 10 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும், கூட ஆள் இருந்தால் சின்னவர்களும் ஆடலாம். பெட்டி கிடைக்கும்வரை உன் குட்டிக்கு நாற்காலி ஆட்டத்தை வேறு மாதிரி ஆடிக் காட்டு: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியை எடுத்துவிடு, ஆளை மட்டும் வெளியேற்றாதே. கடைசியில் ஒரே நாற்காலியில் எல்லோரும் தொற்றிக்கொள்ள வேண்டும். நாற்காலி உறுதியா என்று முதலில் பார்த்துக்கொள்.

இவருக்கு வியாழக்கிழமை ஒரு இன்டர்வியூ. கணக்கு வாத்தியார் விவகாரம் போனில் சொல்கிறேன், எழுதினால் அசிங்கம். பணம் அனுப்பட்டுமா என்று மட்டும் ஆரம்பிக்காதே, கெட்ட கோபம் வரும். வேண்டுமென்றால் நானே வாய்விட்டுக் கேட்பேன்.

உன்,
வாயாடி