இரத்த வாயுச் சீட்டில் குளோரைடும் அல்புமினும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயிருக்குப் போராடும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரின் மணிக்கட்டுத் தமனியில் இரத்தம் எடுத்துச் செய்யப்படும் இரத்த வாயுப் பரிசோதனையின் சீட்டை, அமிலம் ஏற ஏற இறங்கும் பிஎச் அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருந்தால், அமிலம் ஏறவில்லை என்று உறவினருக்கும் சொல்லிவிடுகிறார்கள். இது ஆபத்தான ஆறுதல்.

இரத்தத்தில் கிருமித்தொற்று பரவி, விடாமல் வாந்தியும் எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிஎச் 7.40, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 38, அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 23. மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய சோடியம் 138, குளோரைடு 95 என்று தெரியவந்தால், சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தபின் 20 மிஞ்சும். 'ஆனயான் கேப்' என்று நாங்கள் சொல்லும் இந்த மிச்சம் வழக்கமாக 12-ஐத் தாண்டுவதில்லை; தாண்டினால், லாக்டிக் அமிலம் போன்ற ஏதோ ஓர் அமிலம் இரத்தத்தில் சேர்கிறது என்று பொருள். போதாததற்கு, ஒரு டெசிலிட்டருக்கு 4 கிராம் அளவில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற இரத்தப் புரதம் இத்தகைய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் சரிந்துவிடும். குறைகின்ற ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்ட வேண்டும் என்பதால், அது 2 கிராமாக இருப்பவருக்கு உண்மையான மிச்சம் 25. திசுக்களுக்குப் போதிய இரத்தம் போகாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்துகொண்டிருக்க, வாந்தியில் வயிற்று அமிலம் வெளியேறியதால் கூடிய பைகார்பனேட் அதை ஈடுகட்டி, பிஎச்சைச் சரியான அளவில் நிறுத்தியிருக்கிறது. இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்திருப்பதை அந்த எளிய கழித்தல் கணக்குத்தான் காட்டிக்கொடுக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். அதுவரை பைகார்பனேட்டும் ஆனயான் கேப்பும் பெரிதாக மாறாமலே இருக்கக்கூடும். ஆகவே சந்தேகத்துக்கு இடமிருந்தால், முதல் சீட்டு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பாமல், சில மணி நேர இடைவெளியில் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மிச்சம் பெரிதாக இருந்து, லாக்டேட்டோ கீட்டோனோ சிறுநீரகச் செயலிழப்போ அதற்குக் காரணமாகாதபோது, நச்சைத் தேடியே ஆக வேண்டும். பார்வை பறிபோகும் முன் மாற்று மருந்தையும் டயாலிசிஸையும் தொடங்குவது இந்தக் கணிப்பின் வேகத்தைப் பொறுத்தது.

நாமே உண்டாக்கும் அமிலமும் ஒன்று உண்டு. நார்மல் சலைன் ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதோ ஏறக்குறைய 100. பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் குளோரைடு கூடி, பைகார்பனேட் இறங்கும். ஆனயான் கேப் மட்டும் உயராது. குளோரைடைப் பார்க்காதவர் இதை நோய் முற்றியதாக எண்ணி மேலும் சலைன் ஏற்றுவதையும், தேவையில்லாமல் பைகார்பனேட் ஊசி போடுவதையும் நான் கண்டிருக்கிறேன். பிஎச் 7.20-க்கு மேல் போகாத கடும் அமிலநிலையில் பைகார்பனேட் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018-இல் பிரான்சிலிருந்து வெளிவந்தது; அதில்கூட, சிறுநீரகம் கணிசமாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குத்தான் தெளிவான பலன் தெரிந்தது.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. பல சிறிய ஆய்வகங்கள் சோடியம், பொட்டாசியம் இரண்டை மட்டும் அச்சிட்டு, குளோரைடை விட்டுவிடுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள எல்லா மருத்துவமனைகளிலும் குளோரைடு, பைகார்பனேட், அல்புமின், லாக்டேட் நான்கும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கவும், அல்புமினுக்குத் திருத்திய ஆனயான் கேப்பைச் சீட்டிலேயே அச்சிடவும் மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டும். நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, சலைன் ஏற்றுவதற்கு முன் எடுத்த முதல் சீட்டையும், அதுவரை எந்தத் திரவம் எத்தனை லிட்டர் ஏற்றப்பட்டது என்ற குறிப்பையும் 108 ஆம்புலன்சிலேயே உடன் அனுப்ப வேண்டும். உறவினர்களும் அதைக் கேட்டு வாங்கி வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
திருச்சி.