முழங்கால் நோவும் குருதி அறிக்கையும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள குலம்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மூட்டுத் தேய்வு எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைக் குருதியில் கண்டுவிடலாம் என்று உன் மகன் சொன்னதாகவும், கொழும்புக்குப் போய் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்று என்னிடம் கேட்டாய். ஆனால் இந்த விடயத்தில் என் தொழிலைவிட என் மனைவியின் முழங்காலிடமே நான் அதிகம் படித்தேன்.

சென்ற ஆவணியில் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது அவள் பாதி வழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு ஒரு வைத்தியர் எழுதித் தந்தபடி ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ரூமட்டொயிட் பக்டர், யூரிக் அமிலம் எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரியான அளவிலேயே இருந்தன. 'இரத்தத்தில் ஒன்றும் இல்லை அம்மா, வீணாக யோசிக்காதீர்கள்' என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். அவள் அந்தத் தாளை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அதன்பின் இரண்டு கிழமை நோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரவில் எழும்பும்போது மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்து மூச்சை அடக்குவது எனக்குக் கேட்கும். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பரிசோதனைகள் தேடுவது வேறு நோய்களை. ஈ.எஸ்.ஆர். என்பது, நிமிர்த்தி வைத்த ஒடுங்கிய குழாயில் ஒரு மணித்தியாலத்துக்குள் செங்குருதிக் கலங்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்குகின்றன என்ற கணக்கு. உடலில் அழற்சி மிகுந்திருந்தால் அவை விரைவாக இறங்கும். சி.ஆர்.பி.யும் அழற்சியில் கூடும் ஒரு புரதம்தான். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் ரூமட்டொயிட் வாதம், யூரிக் அமிலம் மூட்டில் படியும் கவுட், கிருமித் தொற்று போன்றவற்றைப் பிரித்தறிய இவை மிகவும் உதவும். அப்படியொரு தொற்றாக 2006 இறுதியில் சிக்குன்குனியா நம் கரையோரத்தைப் பிடித்தபோது, காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனால் மூட்டுத் தேய்வில் அழற்சி பெரும்பாலும் அந்த மூட்டோடு நின்றுவிடுவதால், குருதி எதையும் காட்டாமலே இருக்கலாம். அறிக்கை சுத்தமென்றால் நோவு பொய்யென்று ஆகாது, குலம்.

இனி உன் மகன் சொன்னது. அது உண்மையான ஆய்வுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ஜீனியா கிரவுஸ் குழுவினர் 2024இல் வெளியிட்டது. பிரித்தானியாவில் நெடுங்காலமாகத் தொடர்ந்து அவதானிக்கப்பட்ட பெண்களில் 200 பேரின் குருதியை ஆராய்ந்து, ஆறு புரதங்களைக் கொண்டு, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே முழங்கால் தேய்வு வரப்போகிறவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினார்கள். படித்தபோது எனக்கு மெய்யான மகிழ்ச்சி; எக்ஸ்ரேயில் தெரியும் வேளையில் சேதம் முற்றியிருப்பதுதானே நம் துயரம்.

ஆனாலும் 200 பெண்களிடம் கண்டதை உன் முழங்காலுக்குத் தீர்ப்பாக்க முடியாது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான கசியிழையத்தில் குருதிக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அது உடையும்போது வெளிவரும் துணுக்குகள் மூட்டுப் பாய்மத்தில் கலந்து, பிறகே குருதிக்கு வருகின்றன. அங்கே உன் வலது முழங்காலின் துணுக்கும், இடுப்பின் துணுக்கும், கைவிரல்களின் துணுக்கும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது எங்கிருந்து வந்ததென்று குழாய் சொல்லாது. கசியிழையத்தில் உள்ள 'கொம்ப்' என்ற புரதம் ஒரு நல்ல நடை நடந்தாலே குருதியில் கூடும். மூட்டுப் பாய்மத்தை வழுவழுப்பாக்கும் ஹயலூரோனிக் அமிலமோ காலையில் படுக்கையை விட்டு எழும்பி நடமாடத் தொடங்கினால் ஏறும். குருதி எடுக்கும் நேரத்தை நாங்கள் எவ்வளவு அசட்டையாக எழுதினோம் என்று இப்போது வருந்துகிறேன். தேய்வைத் தீர்மானிக்க வழக்கமான வைத்தியத்தில் ஏற்கப்பட்ட குருதிப் பரிசோதனை இன்றுவரை எதுவும் இல்லை. ஆகவே கொழும்புப் பயணத்தை விட்டுவிடு.

45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, அசைவோடு கூடும் நோவும், காலையில் விறைப்பே இல்லாமலோ அரை மணித்தியாலத்தைத் தாண்டாமலோ இருப்பதும் கண்டால், எக்ஸ்ரேகூட இல்லாமல் தேய்வென்று கொள்ளலாம் என்பது பிரித்தானிய வைத்திய வழிகாட்டி. மூட்டு சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, கைகளின் சிறு மூட்டுகள் காலையில் நெடுநேரம் மடங்க மறுத்தாலோ மட்டும் தாமதியாமல் குருதியைப் பார்.

என் மனைவி இப்போது வேறொரு கிளினிக்கில் பிசியோதெரபி செய்கிறாள். கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து வரை எண்ணி மெல்ல இறக்குவாள். எண்ணுவது என் வேலை. இடையிடையே கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் குளித்து வருகிறோம். அந்தச் சூட்டில் கால் கொஞ்சம் இளகுகிறது என்கிறாள். சொல்வதை நான் நம்புகிறேன்.

நீ எனக்கு இரண்டு விடயங்களை மட்டும் எழுது. காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் நிற்கிறது? படியில் ஏறும்போது அதிகம் நோகிறதா, இறங்கும்போதா?

அன்புடன்,
உன் இராசா