புகார் கடிதம்: ‘வசதியான டிராப் ஹேண்டில்பார்’ என்று விற்ற டூரிங் சைக்கிள் பற்றி

அனுப்புநர்:
சிறிய அளவு டூரிங் சைக்கிள் வாங்கிய வாடிக்கையாளர்,
உடுமலைப்பேட்டை, திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: உடல் அளவுக்குப் பொருந்தாத ஹேண்டில்பாரை மாற்றித் தரவும், அளவுகளை வெளியிடவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து டூரிங் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) அளவுகளில் ஆகச் சிறியது என்னுடையது. சட்டத்தைப் பற்றியோ சக்கரங்களைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் இரு பக்கமும் பை நிறையச் சுமை ஏற்றினாலும் வண்டி ஆடாமல் நேராகப் போகிறது. என் புகார் முழுவதும் அதன் டிராப் ஹேண்டில்பார் பற்றியது, அதாவது இரு பக்கமும் முன்னால் நீண்டு கீழே வளைந்து இறங்கும் பார். நாள் முழுக்க என் கைகள் இருக்கும் இடம் அது. அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் உங்கள் சேவைப் பிரிவு “ரோடு சைக்கிள் எல்லாமே இப்படித்தான், போகப் போகப் பழகிடும்” என்றே பதில் எழுதுகிறது. பழகவில்லை. பழகவும் முடியாது. அதற்கான காரணத்தை அளவுகளோடு எழுதுகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் ஹேண்டில்பாருக்கு இருப்பது ஒரே வரி: “நீண்ட பயணத்துக்கு வசதியான டிராப் ஹேண்டில்பார், 44 செ.மீ.” அந்த 44 எங்கிருந்து எங்கே அளந்தது என்று இல்லை. சில தயாரிப்பாளர்கள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கிறார்கள், சிலர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு. குழாயின் தடிமன் ஏறக்குறைய 24 மி.மீ. என்பதால் இரண்டுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும், அதாவது ஒரு முழு சைஸ். பார் முன்னால் எவ்வளவு நீள்கிறது, கீழே எவ்வளவு இறங்குகிறது என்ற இரண்டு அளவுகளும் உங்கள் பக்கத்தில் எங்குமே இல்லை. டிராப் பாரின் சுகம் முக்கால்வாசி அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பாரின்மேல் சுற்றியிருந்த நாடாவை (பார் டேப்) பிரித்துவிட்டு நானே அளந்தேன். பிரேக் லிவர் பொருத்திய இடத்தில் அகலம் நடுவுக்கு நடு 44 செ.மீ. முன்நீட்டம் 95 மி.மீ. இறக்கம் 145 மி.மீ. என் தோள் எலும்பு முனையிலிருந்து மறுமுனை வரை 37 செ.மீ. அகலத்தைத் தோள் அளவை ஒட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் நெடுங்கால வழக்கம். அதன்படி எனக்கு 38 வர வேண்டும், தாராளமாகப் பார்த்தாலும் 40. உங்கள் சேவைப் பிரிவு எழுத்திலேயே ஒப்புக்கொண்டபடி, ஐந்தடிப் பெண்ணுக்கான சைக்கிளுக்கும் ஆறடி ஆளுக்கான சைக்கிளுக்கும் நீங்கள் போடுவது இதே 44 பார்தான். சட்டத்தை நான்கு அளவில் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பாரை மட்டும் ஏன் ஒரே அளவில் வாங்கத் தோன்றியது?

முன்நீட்டத்தைப் பாருங்கள். இன்று சந்தையில் ‘காம்பாக்ட்’ என்று கிடைக்கும் பார்கள் பெரும்பாலும் 70 முதல் 80 மி.மீ. முன்நீட்டமும் 120 முதல் 130 மி.மீ. இறக்கமும் கொண்டவை. நீங்கள் போட்டிருப்பது முதுகை வளைத்துப் படுத்து ஓட்டும் பந்தயக்காரர்களின் பழைய வார்ப்பு. 75-க்குப் பதில் 95 என்றால், பிரேக் லிவரின் ரப்பர் உறைமேல் கை வைக்கும்போது பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை 2 செ.மீ. நீட்டியதற்குச் சமம். ஏற்கெனவே உங்கள் ஸ்டெம் 100 மி.மீ. சட்டத்தைச் சிறியதாக்கிக் கொடுத்த அனுகூலம் அத்தனையும் அதில் போய்விடுகிறது.

இதன் விளைவு என் கையில் தெரிகிறது. கை அகன்று முன்னால் எட்டி நிற்பதால் உடல் எடை உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் விழுகிறது. மணிக்கட்டுக்கு அடியில் அங்கேதான் உல்னார் நரம்பு போகிறது. அது அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு வரும் பிரச்சினை என்று மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒன்று இது. எனக்கு வண்டியை விட்டு இறங்கிய பிறகும் வெகுநேரம் அந்த இரண்டு விரல்களில் உணர்வு வருவதில்லை. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறேன். பார்த்த மருத்துவர் முதலில் சொன்னது “பிடியை மாத்துங்க” என்பதுதான். மாற்றிப் பிடிக்கப் பல இடம் கொடுப்பதுதானே டிராப் பாரின் பெரிய வரம்? மேல்தட்டு, அதன் சரிவு, லிவர் உறை, வளைவு, அடிப்பிடி (கீழே இறங்கிய முனை) என்று கைக்கு மணிக்கொரு இடம் மாற வேண்டும். என் சைக்கிளில் மேல்தட்டு ஒன்றுதான் சிரமமில்லாமல் எட்டுகிறது. அங்கே பிடித்தால் பிரேக் கைக்கு எட்டாது.

வலியைக்கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிரேக் விஷயம் அப்படித் தள்ளிப்போடக் கூடியது இல்லை. வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுமையோடு அந்த இறக்கத்தில் வரும்போது அடிப்பிடியில் கை வைத்து, லிவரின் கீழ்முனையை இழுப்பதுதான் பாதுகாப்பு. அங்கே நெம்புவிசை அதிகம், ஒரு விரல் இரு விரலாலேயே வண்டி நிற்கும். மேலே உறையைப் பிடித்தபடி இழுத்தால் விரல்கள் லிவரின் அச்சுக்கு அருகே இருப்பதால் அதே வேகத்தைக் குறைக்க முழுக் கையின் பலமும் வேண்டும். உங்கள் பாரின் வளைவு ஆழமானது, லிவர் அதிலிருந்து தள்ளி நிற்கிறது. லிவரை உள்ளே இழுத்து வைக்கும் திருகை முழுவதும் திருகிய பிறகும் என் விரல்நுனிதான் அதைத் தொடுகிறது. அந்த மலையில் மேலே உறையைப் பிடித்தபடியே இறங்கினேன். அட்டகட்டி தாண்டியதும் முன்கை நடுங்கிப் பிடி நழுவத் தொடங்கியது, எதிரே பேருந்து. ஓரமாக நிறுத்தி, கை நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் மிச்ச வளைவுகளை இறங்கினேன். சிறிய கைக்காரர்களுக்கு உங்கள் வண்டியில் இருக்கும் ஆபத்து இது. நீங்கள் இதை “பழகிடும்” கணக்கில் சேர்க்கக் கூடாது.

உங்கள் தொழில்நுட்ப ஆட்கள் தந்த யோசனைகளையும் தட்டிக்கழிக்காமல் பார்த்தேன். பாரை மேல்நோக்கிச் சுழற்றச் சொன்னார்கள். சுழற்றினால் உறை சற்று அருகே வருவது உண்மை. ஆனால் அடிப்பிடியின் நுனி தரையைப் பார்த்துச் சாய்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது, லிவர் முன்னைவிட எட்டாமல் போகிறது. அடுத்து 70 மி.மீ. ஸ்டெம் போடச் சொன்னார்கள். எட்டும் தூரம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். அகலம் குறையாது, இறக்கம் குறையாது, வளைவிலிருந்து லிவர் நிற்கும் தூரமும் அப்படியே இருக்கும். மூன்றாவதாக “ஃபிளாட் பார் போட்டுக்குங்க மேடம்” என்றார்கள், அதாவது கீழே வளையாத நேரான பார். டிராப் பாரின் குழாய் 23.8 மி.மீ., ஃபிளாட் பாரின் பிடி 22.2 மி.மீ. இருக்கும் பிரேக் லிவர், கியர் மாற்றி இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று அவர்கள் சொல்லவில்லை.

தவிர, எனக்கு ஃபிளாட் பார் வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை சாலையை அறைகிறது. காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. மேற்கே போகிற நாளில் அடிப்பிடியில் குனிந்து காற்றைக் கிழிக்காவிட்டால் நடப்பதும் ஓட்டுவதும் ஒன்றுதான். டிராப் பார் இந்தச் சாலைகளுக்கென்றே செய்தது போன்ற பொருள். அதனால்தான் தேடி வாங்கினேன்.

நெடும்பயணத்துக்கென்றே டிராப் பார் செய்வது புதிய கலையும் இல்லை. மேல்தட்டு நடுவிலிருந்து மெல்ல உயர்ந்து, அடிப்பிடி வெளிப்பக்கம் விரியும் ‘ராண்டனர்’ வடிவம் பிரெஞ்சுக்காரர்களின் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து வந்தது. ஜப்பானின் நிட்டோ அதை இன்றும் செய்கிறது. அமெரிக்காவின் சால்சா நிறுவனத்தின் கௌபெல் பாரில் அடிப்பிடி 12 டிகிரி விரிகிறது, இறக்கமும் குறைவு. மேலே தோளளவு, கீழே சற்று அகலம் என்ற அந்த அமைப்பில் முன்கை மேல்தட்டில் இடிக்காது, கரடுமுரடான சாலையிலும் பிடி உறுதியாக இருக்கும். விலை உயர்ந்த அந்தப் பெயர்களைத்தான் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே அளவுகளில் சாதாரண அலுமினியப் பார் போதும். நீங்கள் வாங்கிப் பொருத்துவதும் அலுமினியம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டுக் குழாயை ஸ்டெம்மின் விளிம்போடு ஒட்ட வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்டெம்முக்கு அடியில் உயரம் கூட்டும் வளையம் (ஸ்பேசர்) ஒன்றுகூட இல்லை. டூரிங் சைக்கிளில் பாரின் உயரம் இருக்கைக்குச் சமமாக வரும்படி ஏற்றிக்கொள்ள இடம் விடுவது வழக்கம். வெட்டிய குழாய் மறுபடி வளராது. வாங்குகிறவரின் கை நீளத்தையும் முதுகையும் அறியாமல் இந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். நடுவுக்கு நடு 38 செ.மீ. அகலம், 75 மி.மீ.க்கு மிகாத முன்நீட்டம், 125 மி.மீ.க்கு மிகாத இறக்கம், முடிந்தால் வெளிவிரியும் அடிப்பிடி கொண்ட பார் ஒன்றை உங்கள் செலவில் பொருத்தித் தர வேண்டும். கேபிள்களை அளவுக்கு மாற்றுவதும் புது பார் டேப் சுற்றுவதும் அதில் அடக்கம். சிறிய கைக்கு எட்டும் லிவர் தேவைப்பட்டால் அதுவும். குழாய் வெட்டாத ஃபோர்க் ஒன்றும் வேண்டும், உயரத்தை என்னை உட்காரவைத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். இவை முடியாதென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். கூடவே, ஒவ்வொரு சட்ட அளவுக்கும் பாரின் அகலம், அளந்த முறை, முன்நீட்டம், இறக்கம், ஸ்டெம் நீளம் ஆகியவற்றை இணையதளத்தில் போடுங்கள். சிறிய அளவு வாங்கிய மற்றவர்களுக்கும் லிவர் எட்டுகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். மலையில் இறங்கிய பிறகு அவர்களுக்கு அது தெரியவரக் கூடாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் படம், அளவு நாடாவோடு எடுத்த ஹேண்டில்பார் படங்கள், மருத்துவரின் சீட்டு நகல், சேவைப் பிரிவின் மின்னஞ்சல்கள்.