கையில் வீக்கம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

பட்டறைகளையும் தொழிற்கூடங்களையும் நடத்துகிறவர்களுக்கு, ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு, பணிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கையால் வேலை செய்து பிழைப்பவன். திருகுவது, முறுக்குவது, துளையிடுவது, அழுத்திப் பிடிப்பது, இவைதான் என் நாள் முழுக்க. எனக்கு இரண்டு மணிக்கட்டிலும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம், அதாவது மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் நோய், இருக்கிறது. வலது கையில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இடது கைக்கு இப்போதைக்கு இரவில் போடும் பட்டைதான். அனுதாபம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் எங்களிடம் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"வீக்கம் இல்லை, காயம் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் என்னதான் பிரச்சினை?"

கேள்வி நியாயமானது மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இந்த நோயில் கண்ணால் பார்க்கும்படி ஏதாவது வந்துவிட்டால், சரிசெய்யக்கூடிய காலத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் கேட்கிற ஆதாரம் கடைசியில்தான் வரும். அதுவரை நாங்கள் சொல்வதை நம்பித்தான் தொடங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் 8 சிறு எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளம் அமைக்கின்றன. அதன் மேல் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று கூரையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு சேர்ந்து, கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் போகின்றன. எலும்பு விலகிக் கொடுக்காது, நார்ப்பட்டையும் அவ்வளவாக நெகிழாது. ஓயாமல் இழுபட்டு தசைநாண்களின் உறை தடித்தாலோ, உள்ளே நீர் கோத்தாலோ, நசுங்குவது நரம்புதான். அங்கே இருப்பதில் மென்மையானது அது.

நல்ல நிலையில் உள்ள கையில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது, அந்த வழிக்குள் இருக்கும் அழுத்தம் சில மில்லிமீட்டர் பாதரசம்தான். 30-ஐத் தாண்டினால் நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடத் தொடங்கும். 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகளின் மணிக்கட்டுக்குள்ளேயே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். கை சும்மா இருக்கும்போதே சராசரி 32 இருந்தது. மணிக்கட்டை உட்பக்கம் மடக்கினால் 90-ஐத் தாண்டியது, பின்பக்கம் வளைத்தால் 110 வரை போனது. இத்தனைக்கும் அந்தக் கைகள் எதையும் தூக்கவில்லை, முறுக்கவில்லை. வளைந்த மணிக்கட்டோடு டிரில்லை அழுத்திப் பிடித்து நிற்கிறவனின் கைக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். இந்த நரம்பு படும் பாட்டை அது காட்டாது.

முதலில் தொந்தரவு வருவது வேலை நேரத்தில்கூட இல்லை, தூக்கத்தில். தூங்கும்போது மணிக்கட்டு நமக்குத் தெரியாமலே மடங்கிக்கொள்கிறது. நடு இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி எல்லாம் மரத்துப்போய், எரிச்சலும் ஊசி குத்துவதுமாக எழுப்பிவிடும். சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும், அதற்குப் போகும் நரம்பு வேறு பாதையில் போவதால். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். விவரம் தெரிந்த மருத்துவர் "கை மரத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயால் சொல்வதைவிட கை என்ன செய்கிறது என்று பார்ப்பார். உதறிக் காட்டினால் அவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எங்களைப் பகலில் மட்டும் பார்க்கிற உங்களுக்கு நோயின் இந்த முதல் பாதி கண்ணில் படவே படாது. காலையில் கண் சிவந்து வருகிறவனைப் பார்த்து வேறு ஏதாவது நினைத்துக்கொள்கிறீர்கள்.

அப்புறம்தான் பகலுக்கு வருகிறது. விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தால் முதலில் போவது சின்ன வேலைதான். இயந்திரத்தின் பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், கையை விட்டு வாஷரைப் பொருத்தி நட்டை ஏற்றுவது எங்களுக்கு விரல் செய்யும் வேலை. விரல் உணராதபோது கண் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது, அங்கே கண் எட்டுவதில்லை. ஒருவன் மெதுவாகிவிட்டான் என்று நீங்கள் குறித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பிடி சரியாக இருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியவில்லை என்றால், கை தானாகவே தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் இன்னும் மரக்கும். நோயே நோயை வளர்க்கிறது. கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழும்போது நீங்கள் கேட்கும் சத்தம் இதன் கடைசிப் பகுதிதான்.

இப்படியே விட்டால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றிக் குழிந்துபோகும். நீங்கள் கேட்ட ஆதாரம் அப்போது கிடைத்துவிடும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் அந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்தாலும் மேலும் கெடாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம். போன சதையும் போன உணர்ச்சியும் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை வேறு: நரம்பு மிகவும் நலிந்தபின் சிலருக்கு வலி குறைந்துவிடும். "இப்போது வலி எப்படி?" என்று கேட்டு, "முன்னைக்குப் பரவாயில்லை" என்ற பதிலை வாங்கி, முன்னேற்றம் என்று எழுதி கோப்பை மூடிவிடுகிறார்கள்.

அடுத்து நீங்கள் கேட்பது: "சர்க்கரை இருக்கிறதா? தைராய்டு இருக்கிறதா?" கேளுங்கள், தவறில்லை. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பம், பழைய மணிக்கட்டு முறிவு எல்லாமே இதற்கு வழிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆனால் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் "அப்போ வேலையால் வந்ததில்லை" என்று பெருமூச்சு விடுகிறீர்களே, அதுதான் புரியவில்லை. ஏற்கெனவே நலிந்த நரம்புள்ளவரின் கையில் அதிர்கிற கருவியைக் கொடுத்தால் ஆபத்து கூடத்தானே செய்யும்?

1950-களில் இந்த நோயை மருத்துவ உலகில் பரவலாக அறியவைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். தொழிலுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்றுதான் அவர் கருதினார், ஏனென்றால் அவரிடம் வந்தவர்களில் நிறையப் பேர் நடுவயதுப் பெண்கள். துணி பிழிவதையும் தரை தேய்ப்பதையும் அந்தக் கணக்கில் யாராவது வேலை என்று சேர்த்தார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம். அந்தக் கருத்தோடு காலம் நின்றுவிடவில்லை. பலம் கொடுத்துச் செய்யும் வேலை, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, அதிர்வு ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1997-இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் கார்ப்பல் டனல் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது.

சரி, புகார் வந்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு மணிக்கட்டுப் பட்டையைக் கொடுக்கிறீர்கள். அது இரவில் நல்லது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும், தூங்கவிடும். அதையே போட்டுக்கொண்டு முறுக்குகிற வேலையைச் செய்யச் சொன்னால், மணிக்கட்டு செய்ய வேண்டிய அசைவை முழங்கையும் தோளும் செய்யும், இல்லாவிட்டால் கை பட்டையோடு மல்லுக்கட்டும். கொஞ்ச நாளில் தோள்பட்டை வலிக்கு இன்னொரு புகார் வரும். அதையும் தனி நோயாக எழுதிக்கொள்வீர்கள்.

வேலையைச் சுழற்சி முறையில் மாற்றிவிட்டோம் என்று சொல்வதும் அப்படித்தான். ஸ்க்ரூ முடுக்கும் மேசையிலிருந்து ஒயர் வெட்டும் மேசைக்கு மாற்றுகிறீர்கள். உங்கள் அட்டவணையில் அது வேறு வேலை. கைக்கு அதே வேலை, அதே இறுக்கிப் பிடித்தல், அதே தசைநாண்கள். வரிசையில் பத்து மேசை இருந்தாலும் எல்லாவற்றிலும் விரலை மடக்கி அழுத்துவதுதான் வேலை என்றால் சுழற்சிக்கு ஒரு பொருளும் இல்லை, ஒருவரின் நோயைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்ததாகத்தான் ஆகும். மேசைகளின் பெயரை வைத்து அட்டவணை போடாமல், எந்த மேசையில் எந்த அசைவு என்று ஒருநாள் நின்று பார்த்துப் போடுங்கள். உட்கார்ந்து யோசிப்பதைவிட அந்த மேசையில் வேலை செய்பவரைக் கேட்டால் சீக்கிரம் தெரியும்.

பெரிய செலவு இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதுதான் ஆற்றாமை. செங்குத்தான பரப்பில் துளையிடத் துப்பாக்கிப் பிடி உள்ள டிரில் நன்றாக இருக்கும். அதையே மேசை மேல் கிடக்கும் பொருளில், மேலிருந்து கீழே அழுத்திப் பயன்படுத்தினால் மணிக்கட்டு ஒடிந்தாற்போல் வளையும். அங்கே நேர்ப்பிடிக் கருவி வேண்டும், அல்லது பொருளைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி வேண்டும், அல்லது மேசையின் உயரத்தையாவது மாற்ற வேண்டும். கட்டிங் பிளேயரின் பிடி குட்டையாக இருந்தால் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும், நரம்பு போகும் வழிக்கு அருகிலேயே. பிடி உள்ளங்கையைத் தாண்டி நீண்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. முழுக்கையால் பற்றும் கைப்பிடி 3 முதல் 5 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். மழுங்கிய பிளேடும் தேய்ந்த டிரில் பிட்டும் எங்கள் கையின் பலத்தைத்தான் தின்கின்றன. ஸ்டோரில் புது பிட் கேட்டால் பழையதை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டு மேலதிகாரியின் அனுமதியோடு வா என்று சொல்லும் விதியை வைத்தவர் ஒருநாள் அந்தப் பழைய பிட்டால் துளை போட்டுப் பார்க்கட்டும்.

கையுறை விஷயத்தில் ஒரே அளவை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். தொளதொள கையுறைக்குள் கை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதிர்கிற கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் அளவுகோல் உண்டு. எட்டு மணி நேரக் கணக்கில் கைக்கு ஏறும் அதிர்வின் முடுக்கம் 2.5 மீட்டர்/வினாடி²-ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. உங்கள் கிரைண்டர்களின் அளவு என்ன என்று அவற்றின் கையேட்டிலேயே பாருங்கள், அந்தக் கையேடு இன்னும் இருந்தால்.

இடைவேளை உண்டு என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. டார்கெட்டும் ஊக்கத்தொகையும் அந்த இடைவேளையை எங்களை வைத்தே விழுங்கவைக்கின்றன. ஷிப்ட் நடுவில் ஒரே நீண்ட ஓய்வைவிட, அவ்வப்போது ஒன்றிரண்டு நிமிடம் கையைத் தளர விடுவது எனக்கு அதிகம் உதவுகிறது. அந்த நிமிடங்களை டார்கெட் கணக்கிலேயே சேர்த்துவிட்டால் யாரும் திருட்டுத்தனமாக ஓய்வெடுக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்ப்பட்டையை வெட்டி இடம் கொடுப்பதுதான் அது. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்கிறார்கள், சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு இரவு மரப்பு சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. ஆனால் உள்ளங்கையின் அடிப்பகுதி ஊன்றினால் உயிர்போகும், பிடியின் பலம் திரும்பப் பல மாதம் ஆகலாம். கனமான கைவேலைக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் என்று சொல்வது சோம்பேறித்தனத்துக்கான சலுகை கிடையாது. எனக்கு விடுப்பு ஒருவழியாகக் கிடைத்தது. திரும்பி வந்ததும் உட்கார்ந்தது அதே உயரத்தில் அதே மேசை, கையில் அதே கருவி. கையைச் சரிசெய்து அனுப்பினார்கள், மேசையை யாரும் சரிசெய்யவில்லை.

எங்களில் பலர் இதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சொன்னால் லேசான வேலைக்கு மாற்றுவார்கள், ஓவர்டைம் போய்விடும், அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது. லேசான வேலைக்கு மாறினாலும் அந்தக் காலத்து வருமானம் குறையாது என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. உங்கள் புகார்ப் படிவத்தில் "விபத்து நேர்ந்த தேதி, நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாவிட்டால் படிவம் திரும்பி வருகிறது. எங்களுக்கு விபத்து எந்தத் தேதியிலும் நேரவில்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டு, பக்கத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: எந்த விரல்கள் மரக்கின்றன? இரவில் எழுப்புகிறதா? எந்த வேலைக்குப் பிறகு அதிகமாகிறது? நிரப்பிய படிவம் டார்கெட் போடுகிற சூப்பர்வைசரின் மேசைக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம் போகட்டும். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளில் ஒன்றில் வேலை செய்யும் ஒருவன்