குண்டு எழுத்து: எங்கே போடுவோம், எங்கே போட மாட்டோம்

சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்களுக்கும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்கள் பேனர், சைன்போர்டு கடைக்கு வருகிற பாதிப் பேர் போனை நீட்டி, "அந்தப் பாலர் பள்ளி போர்டுல இருக்கிற குண்டு எழுத்துதான் வேணும்" என்கிறீர்கள். அதன் பெயர் பலூ தம்பி. மும்பையில் இருக்கும் எக் டைப் நிறுவனம் செய்தது, கூகுள் ஃபான்ட்ஸ் என்ற எழுத்துருத் தளத்தில் இலவசம், வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனால் எழுத்துக்கென்று தனிக் காசு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நாங்களும் கேட்க மாட்டோம்.

முனையெல்லாம் மழுங்கி, பணியாரம் மாதிரி உப்பி நிற்பதால் பார்த்ததும் ஒரு சிரிப்பு வருகிறது. பிறந்தநாள் பேனர், பள்ளி விளையாட்டுப் போட்டி, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வடையும் கச்சாங் பூத்தே கடலையும் விற்கும் வண்டி, இவற்றுக்கெல்லாம் கச்சிதம். மலாய் எழுத்தும் அதே உடம்போடு கூடவே வருகிறது, எங்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி. சைன்போர்டு லைசென்சுக்கு நகராண்மைக் கழகத்தில் மலாய் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பார்கள். முன்பெல்லாம் மலாய் ஒரு சாயல், தமிழ் ஒரு சாயல் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

சரி, எங்கே போட மாட்டோம்? கருமக்கிரியை அறிவிப்பில் போட மாட்டோம். கேட்டவர்கள் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம், துக்க வீட்டில் அந்த எழுத்து துள்ளிக்கொண்டு நிற்கும்.

அப்புறம், பொடி எழுத்தில் போட மாட்டோம். ண, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால்தான் எழுத்து தெரியும், தடித்த கோடு அதை அடைத்துவிடும், சாலையில் மோட்டாரில் போகிறவருக்கு வரிசையாகக் கருப்புப் பொட்டுதான் தெரியும். கோயில் திருவிழா பேனரில் தலைப்புக்கு இது. உபயகாரர் பெயர், போன் நம்பர் எல்லாம் மெல்லிய சாதா எழுத்தில். இதன் புதிய பதிப்பான பலூ தம்பி 2-இல் ஐந்து தடிமன் உண்டு என்று விவரம் தெரிந்த பிள்ளைகள் சொல்வீர்கள், உண்மைதான், ஆனாலும் அதன் மெலிந்த தம்பிகூடப் பத்தி பத்தியாகப் படிக்க ஏற்றவன் இல்லை.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் டைப் செய்தே அனுப்புங்கள், தாளில் எழுதிப் படம் எடுக்க வேண்டாம். இது யூனிகோடு எழுத்து, அதாவது உங்கள் போனில் டைப் செய்யும் அதே முறை, அதனால் அப்படியே உள்ளே போகும். டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பை மாற்றாமல் விட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் மாதிரியை ஒரு தடவை வாசித்துவிட்டுச் சரி சொல்லுங்கள், வாசிக்காமலே கட்டைவிரலைக் காட்டினால் எப்படி?

கடைக் கண்ணாடியில் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கருக்கும் இது நல்லது. வெயிலில் முதலில் தூக்குவது கூர்முனைதான், இதில் கூர்முனை இல்லை, புள்ளியும் பெரிது. பழைய ஸ்டிக்கரில் புள்ளி உதிர்ந்து 'மிட்டாய்' 'மிடடாய்' ஆகியிருந்தால் படம் அனுப்புங்கள், வந்து ஒட்டித் தருகிறோம், காசு வேண்டாம். மார்க்கர் பேனாவால் மட்டும் புள்ளி வைக்காதீர்கள், அதைத் துடைத்து எடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை.